ஊரை இரண்டாகப் பிரிக்கும் தலைவர்: வைத்துக்கொள்வதா, பின்னால் நிறுத்துவதா, மாற்றுவதா, வெளியேற்றுவதா?

என் நண்பர் ஒருவர் இருபது வருடமாக ஒரு கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருக்கிறார். எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. பொதுக்குழு நெருங்கும் சமயத்தில் என்னிடம் கேட்டார்: "எங்க தலைவர் பேரைச் சொன்னா பாதி ஊர் கை தட்டுது, பாதி ஊர் கதவைச் சாத்துது. இவரை வச்சுக்கிட்டா ஜெயிக்க மாட்டோம்னு ஒருத்தர் சொல்றாரு. எடுத்துட்டா கட்சியே இருக்காதுன்னு இன்னொருத்தர் சொல்றாரு. நான் எந்தப் பக்கம் கை தூக்குறது?"

இதே கேள்வியை வேறு சொற்களில் வாசகர்கள் சிலரும் கேட்டிருக்கிறார்கள். கட்சிக்காரர்களுக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை. இருபது வருட உழைப்பு, கைக்காசு, பகை, உறவு எல்லாம் அதில் இருக்கிறது. அதனால் "காலம்தான் பதில் சொல்லும்" என்று நழுவாமல், இந்த நிலைமையில் கட்சிகள் எடுத்த நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். தலைவரை முகமாகவே வைத்துக்கொள்வது, கட்சியில் வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் மாற்றுவது, தலைமையிலிருந்து இறக்குவது, கட்சியை விட்டே வெளியேற்றுவது.

## எதை வைத்து அளப்பது

பெரும்பாலான விவாதங்கள் "அவருக்கு எவ்வளவு செல்வாக்கு" என்ற ஒரே கேள்வியில் சுற்றுகின்றன. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நிலையான ஓட்டு. எவ்வளவு மோசமான காலத்திலும் போகாத ஓட்டு எவ்வளவு? 1996-ல் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது நான்கே இடம். பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். அப்படிப்பட்ட அலையிலும் கட்சிக்கு ஏறக்குறைய 21 சதவீத ஓட்டு விழுந்தது. அந்த அடித்தளம் அவரைப் பார்த்து விழுந்த ஓட்டு. சர்ச்சைக்குரிய தலைவர்களிடம் கட்சிக்குக் கிடைக்கும் பெரிய சொத்து இதுதான்.

உச்சவரம்பு. எவ்வளவு முயன்றாலும் தாண்ட முடியாத கோடு எங்கே இருக்கிறது? வீடு வீடாகப் போகும் தொண்டருக்கு இது நன்றாகத் தெரியும். "உங்க வேட்பாளர் நல்லவர்தான், ஆனா உங்க தலைவர்..." என்று எத்தனை வீட்டில் இழுக்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

எதிர்ப்பு ஓட்டு சேருமா, சிதறுமா? என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. ஒரு தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார் என்ற முறையில், நம் தலைவரைப் பிடிக்காதவர்கள் எத்தனை பேர் என்பதைவிட அவர்கள் எத்தனை பெட்டியில் போய் விழுகிறார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. நூறில் அறுபது பேருக்குப் பிடிக்காத தலைவர், அந்த அறுபதும் மூன்றாகப் பிரிந்தால் ஜெயிப்பார். ஒன்றாகச் சேர்ந்தால் தோற்பார்.

இதற்கு நான் பார்த்ததிலேயே தெளிவான உதாரணம் பிரிட்டனின் லேபர் கட்சி. ஜெரமி கோர்பின் தலைமையில் 2017-ல் அக்கட்சி 40 சதவீத ஓட்டு வாங்கியும் ஆட்சிக்கு வரவில்லை. எதிர்த்தரப்பில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகச் சொன்ன யூகிப் என்ற கட்சி கரைந்து, கன்சர்வேட்டிவ் கட்சி 42 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2019-ல் வந்தது பெரிய அடி. கன்சர்வேட்டிவ் ஏற்கெனவே ஜெயித்திருந்த 317 தொகுதிகளில் நைஜல் ஃபராஜின் பிரெக்ஸிட் கட்சி போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. லேபர் 202 இடத்துக்கு இறங்கியது, 1935-க்குப் பிறகு மிகக் குறைவு. அந்தத் தோல்வியில் அது வாங்கிய ஓட்டு 1 கோடியே 2 லட்சத்துக்கு மேல். 2024-ல் கீர் ஸ்டார்மர் தலைமையில் லேபர் வாங்கியது அதைவிடக் குறைவு, சுமார் 97 லட்சம்தான். இடங்களோ 411! வாக்குப்பதிவும் அந்த முறை குறைவு, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் பெரிய காரணம், வலதுசாரி ஓட்டு கன்சர்வேட்டிவுக்கும் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சிக்கும் இரண்டாகப் பிளந்தது. யாரைக் கண்டு பயந்து எதிர்த்தரப்பு ஒன்றுசேர்கிறதோ அவர் போனதும், ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமும் போய்விடுகிறது.

மீதி அளவுகோல்கள் சுருக்கமாக. கூட்டணிக் கட்சிகள் இவர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளத் தயாரா? பூத் ஏஜென்ட்டாக உட்காரும் ஆட்கள் கட்சிக்காக வருகிறார்களா, இவருக்காக வருகிறார்களா? அடுத்த ஆள் என்று ஒருவர் இருக்கிறாரா? அப்புறம், தலைவரை இறக்கும் அதிகாரம் கட்சி விதிப்படி யாரிடம் இருக்கிறது?

## வழி 1: முகமாகவே வைத்துக்கொள்வது

1996-க்குப் பிறகு அ.தி.மு.க. செய்தது இது. அந்தத் தேர்தலில் ஜெயலலிதா மீதிருந்த கோபம் சிதறாமல் ஒரே பக்கம் போனது. தி.மு.க.வும், காங்கிரஸிலிருந்து பிரிந்து வந்த மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸும் (த.மா.கா.) கைகோத்தன. ரஜினிகாந்தின் ஆதரவும் சேர்ந்தது. தி.மு.க. 173, த.மா.கா. 39. அப்போது தலைமையை மாற்றாத கட்சி என்ன செய்தது என்பதில்தான் பாடம் இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து, 2001-ல், அதே த.மா.கா., காங்கிரஸ், பா.ம.க., இரு கம்யூனிஸ்ட் கட்சிகள் எல்லாம் அ.தி.மு.க. அணியில் நின்றன. வழக்கில் தண்டனை, இரண்டு தொகுதிக்கு மேல் மனு செய்தது என்ற காரணங்களால் நான்கு தொகுதிகளிலும் ஜெயலலிதாவின் வேட்புமனு தள்ளுபடியானது. வேட்பாளராகவே நிற்க முடியாத தலைவரை முன்னிறுத்திய கட்சி 132 இடங்களைப் பிடித்தது. தி.மு.க.வுக்கு 31.

தலைவர் மாறவில்லை. எதிரில் சேர்ந்திருந்த ஓட்டு கலைந்து, ஒரு பகுதி இந்தப் பக்கமே வந்துவிட்டது.

பீகாரிலும் இதையே பார்க்கலாம். 2014 மக்களவைத் தேர்தலில் நரேந்திர மோடி முகமாக இருந்தபோது நிதீஷ் குமாரும் லாலு பிரசாத்தும் தனித்தனியாக நின்றார்கள். பா.ஜ.க. அணி 40-ல் 31 இடம் எடுத்தது. அடுத்த வருடம் சட்டமன்றத் தேர்தலில் இருவரும் காங்கிரஸோடு சேர்ந்து நின்றதும் பா.ஜ.க.வுக்கு 243-ல் 53 இடம்தான் கிடைத்தது. தனிக்கட்சியாக அதிக சதவீத ஓட்டு வாங்கியது அப்போதும் பா.ஜ.க.தான். நிதீஷ் திரும்பி வந்த பிறகு, 2019-ல், 40-ல் 39.

மறைந்திருக்கும் விலை இரண்டு. முதலாவதைக் கட்டுவது பெரும்பாலும் கூட்டாளி. 1996-ல் ஜெயலலிதாவோடு கூட்டு வேண்டாம் என்று தமிழகக் காங்கிரஸார் மன்றாடினார்கள். டெல்லி கேட்கவில்லை. மாநிலக் காங்கிரஸின் பெரும்பகுதி வெளியேறி த.மா.கா. ஆனது, மிச்சமிருந்த காங்கிரஸுக்குச் சட்டமன்றத்தில் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. கூட்டணிக் கட்சியில் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்தால் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

இரண்டாவது விலை மெதுவாக வரும். ஒருவரைச் சுற்றியே எல்லாம் ஓடும் கட்சியில் இரண்டாம் கட்டத் தலைவர்கள் வளர்வதில்லை. 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்த சில மாதங்களுக்குள் கட்சி எப்படி உடைந்தது, இரட்டை இலைச் சின்னம் எப்படி முடக்கப்பட்டது என்பதை எல்லோரும் பார்த்தோம்.

எப்போது இது சரி? எதிரணி ஏற்கெனவே பிளந்து கிடக்கும்போது. அல்லது தேர்தலுக்கு இன்னும் நாள் இருந்து, எதிரணியிலிருந்து ஒருவரையாவது பிரித்துக்கொண்டு வர முடியும் என்று தெரியும்போது. இரண்டும் இல்லாமல் "தொண்டர்கள் உயிரையே கொடுப்பார்கள்" என்பது மட்டும் காரணமாக இருந்தால் போதாது. அந்தத் தொண்டரின் ஓட்டு ஏற்கெனவே எண்ணிவைத்த ஓட்டு.

## வழி 2: கட்சியில் வைத்துக்கொண்டு முகத்தை மாற்றுவது

இதற்கு 1995-ன் பா.ஜ.க.வைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1984-ல் இரண்டு இடம் வைத்திருந்த கட்சியை 1991-ல் 120-க்குக் கொண்டு வந்ததில் எல்.கே. அத்வானியின் ரத யாத்திரைக்கும் அயோத்தி இயக்கத்துக்கும் இருந்த பங்கு பெரியது. அதே இயக்கம்தான் மற்ற கட்சிகளை பா.ஜ.க.விடமிருந்து விலக்கியும் வைத்தது. 1995 நவம்பரில் மும்பை மாநாட்டில், கட்சித் தலைவராக இருந்த அத்வானியே வாஜ்பாய்தான் பிரதமர் வேட்பாளர் என்று அறிவித்தார்.

பலன் உடனே வரவில்லை. 1996-ல் 161 இடத்தோடு பெரிய கட்சியாக வந்தும் போதிய கூட்டாளி கிடைக்காமல் வாஜ்பாய் அரசு 13 நாளில் போனது. 1998-ல் கூட்டணிக்கு அ.தி.மு.க. வந்தது. 1999-ல் அது போய் தி.மு.க. வந்தது. ராமர் கோயில், 370-ஆவது பிரிவு, பொது சிவில் சட்டம் மூன்றையும் கூட்டணித் திட்டத்திலிருந்து ஒதுக்கி வைத்ததால்தான் இது நடந்தது. இரண்டு தேர்தலிலும் பா.ஜ.க.வுக்குக் கிடைத்தது 182 இடம். 1996-ஐவிடக் கூடியது 21 இடங்கள்தான். மீதியைக் கொண்டுவந்தது கூட்டணி. முகத்தை மாற்றியதன் உண்மையான பலன், மூடியிருந்த கூட்டாளிகளின் கதவு திறந்ததுதான்.

விலையைக் கட்டியவர் அத்வானி. உள்துறை அமைச்சர், துணைப் பிரதமர் என்று உயர்ந்தாலும் பழைய முத்திரை அவரை விடவில்லை. 2005-ல் கராச்சி சென்று ஜின்னாவைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னபோது, புதிதாக யாரும் அவரிடம் வரவில்லை, பழைய ஆதரவாளர்கள் கொதித்தெழுந்தார்கள், அந்த வருட முடிவில் கட்சித் தலைவர் பதவியும் போனது. 2009-ல் பிரதமர் வேட்பாளராக நின்றபோது கட்சி 116 இடத்துக்கு இறங்கியது. ஊரைப் பிரித்த தலைவர் தானே மென்மையாக மாறிக் காட்டுவது மிகக் கடினம். பிடித்தவர்கள் அதைத் துரோகமாகப் பார்க்கிறார்கள், பிடிக்காதவர்கள் நடிப்பாகப் பார்க்கிறார்கள். அவரிடம் பதவியைக் கேட்கலாம், குணத்தை மாற்றச் சொல்லிக் கேட்கக் கூடாது.

இந்த வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. பின்னால் போக அவரே சம்மதிக்க வேண்டும். அத்வானி தானே மேடையில் அறிவித்ததால்தான் தொண்டர்கள் ஏற்றார்கள். வற்புறுத்தி நிறுத்தினால் இது அடுத்த வழியாக மாறிவிடும்.

## வழி 3: தலைமையிலிருந்து இறக்குவது

பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் பிரதமர் மார்கரெட் தாட்சர் மூன்று பொதுத்தேர்தல்களை வரிசையாக ஜெயித்தவர்: 1979, 1983, 1987. அப்படிப்பட்டவரை அவருடைய எம்.பி.க்களே 1990 நவம்பரில் இறக்கினார்கள். வீட்டின் மதிப்பைப் பார்க்காமல் ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த தலைவரி நாட்டையே கொதிக்க வைத்திருந்தது. மார்ச் 31-ல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் பெரும் கலவரம். அக்டோபரில் ஈஸ்ட்போர்ன் இடைத்தேர்தலில் பாதுகாப்பான தொகுதியே கைவிட்டுப் போனது. நவம்பர் முதல் நாள் துணைப் பிரதமர் ஜெஃப்ரி ஹவ் விலகினார். முன்னாள் அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் கட்சித் தலைமைக்குத் தாட்சரை எதிர்த்துப் போட்டியிட்டார். முதல் சுற்றில் தாட்சருக்கு 204, ஹெசல்டைனுக்கு 152. விதிப்படி நேரடியாக ஜெயிக்க இன்னும் நாலு ஓட்டு வேண்டியிருந்தது. இரண்டு நாளில் விலகுவதாக அறிவித்துவிட்டார்.

எம்.பி.க்கள் கணக்குப் போட்டது தங்கள் தொகுதியை வைத்துத்தான். அந்தக் கணக்கு சரியாகவும் இருந்தது. அடுத்த பிரதமராக ஜான் மேஜர் வந்தார், தலைவரியைக் கைவிடுவதாக அறிவித்தார், பேச்சின் தொனியை மாற்றினார். 1992 ஏப்ரலில் கன்சர்வேட்டிவ் கட்சி 1 கோடியே 40 லட்சம் ஓட்டு வாங்கியது. அதுவரை பிரிட்டனில் எந்தக் கட்சியும் அவ்வளவு வாங்கியதில்லை. ஆட்சி தொடர்ந்தது.

இந்த மாற்றம் ஏன் வேலை செய்தது என்று பார்த்தால் மூன்று காரணம் தெரிகிறது. தேர்தலுக்கு ஏறக்குறைய 17 மாதம் இருந்தது. இறக்கியவர் வாரிசாகவில்லை. கத்தியை எடுத்த ஹெசல்டைன் தோற்று, தாட்சரின் ஆதரவையும் பெற்ற மேஜர் வந்தார். மூன்றாவது, தலைவரோடு சேர்த்து வெறுக்கப்பட்ட கொள்கையும் போனது. முகம் மட்டும் போய் தலைவரி இருந்திருந்தால் வாக்காளர் நம்பியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் மறைந்திருந்த விலையை வசூலிக்க ஏழு வருடம் ஆனது. தாட்சருக்குத் துரோகம் நடந்துவிட்டது என்ற காயம் ஒரு பெரிய பகுதித் தொண்டர்களிடம் ஆறவே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையில் மேஜரின் சொந்த எம்.பி.க்களே அவரை எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். தாட்சர் அந்தக் கலகக்காரர்களின் பக்கம் நின்றார். 1997-ல் கட்சி 165 இடத்துக்குச் சுருங்கியது. ஆக, இறக்குவது ஒரு தேர்தலை வாங்கித் தந்தது, கட்சிக்குள் நிம்மதியை வாங்கித் தரவில்லை. என் நண்பரைப் போன்றவர்கள் இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டும்.

பாதியில் நிற்கும் முயற்சி இன்னும் மோசம். 2016 ஜூனில் லேபர் எம்.பி.க்கள் கோர்பின் மீது நம்பிக்கையில்லை என்று 172-க்கு 40 என்ற கணக்கில் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் தலைவரைத் தேர்ந்தெடுப்பது உறுப்பினர்கள். சில மாதங்களில் அவர்கள் கோர்பினை 61.8 சதவீதத்தோடு திரும்ப உட்கார வைத்தார்கள். "இவருடைய எம்.பி.க்களே இவரை நம்பவில்லை" என்று எதிர்க்கட்சி சொல்வதற்கு எழுத்துபூர்வமான சான்றை அவர்களே கொடுத்ததுதான் மிச்சம். அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கட்சி விதியைப் படித்துவிட்டுக் கை தூக்குங்கள்.

## வழி 4: கட்சியை விட்டே வெளியேற்றுவது

இதில்தான் தமிழ்நாட்டு அரசியலின் மிகப் பெரிய பாடம் இருக்கிறது. ஒரே கட்சி, முடிவெடுத்ததும் ஒரே தலைவர் கருணாநிதி, இருபத்தொரு வருட இடைவெளியில் ஒரே முடிவு. விளைவு மட்டும் நேர் எதிர்.

1972 அக்டோபரில் தி.மு.க. தன் பொருளாளர் எம்.ஜி.ஆரை வெளியேற்றியது. சொத்துக் கணக்கும் கட்சிக் கணக்கும் கேட்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதுதான் தொடக்கம். முந்தைய வருடம்தான் கட்சி 184 இடங்களோடு ஜெயித்திருந்தது, யாருக்கும் பயப்பட வேண்டிய நிலை இல்லை. அக்டோபர் 17-ல் அ.தி.மு.க. பிறந்தது. 1973 மே மாதம் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் மாயத்தேவர் இரட்டை இலையில் ஜெயித்தார். ஆளும் தி.மு.க. மூன்றாவது இடம். 1977-ல் அ.தி.மு.க. 130, தி.மு.க. 48. 1976-ல் கலைக்கப்பட்ட ஆட்சியைத் திரும்பப் பிடிக்க தி.மு.க.வுக்கு 1989 வரை, பதின்மூன்று வருடம் பிடித்தது.

1993-ல் அதே தி.மு.க. வைகோவை வெளியேற்றியது. அப்போது கட்சிக்குள் இருந்த உணர்ச்சி 1972-க்குக் கொஞ்சமும் குறைந்தது இல்லை. சில தொண்டர்கள் தீக்குளித்து உயிரை விட்டார்கள். மாவட்டச் செயலாளர்கள் பலர் கூடவே போனார்கள். எங்கள் தெருவிலேயே அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று ஒரு வீடு இரண்டு கொடி கட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1994-ல் ம.தி.மு.க. தொடங்கியபோது கட்சி பாதியாகப் பிளந்துவிட்டது என்றே எல்லோரும் நம்பினோம். 1996-ல் ம.தி.மு.க.வுக்குச் சட்டமன்றத்தில் ஒரு இடமும் இல்லை, தி.மு.க.வுக்கு 173. 1999-ல் ம.தி.மு.க. அதே தி.மு.க. இருந்த அணியில் வந்து நின்றது.

ஏன் இந்த வித்தியாசம்? எம்.ஜி.ஆரிடம் கட்சிக்கு வெளியே சொந்த ஓட்டு இருந்தது, வைகோவிடம் இருந்தது கட்சித் தொண்டர்கள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. இன்னொரு பாதியும் எதிர்ப்பு ஓட்டில் இருக்கிறது. 1973-ல் தி.மு.க.தான் ஆளுங்கட்சி. அரசு மீது கோபம் உள்ளவர்கள் போய் நிற்க எம்.ஜி.ஆர். என்ற இடம் கிடைத்தது. 1996-ல் ஆண்டது அ.தி.மு.க. அந்த ஆட்சியை இறக்க நினைத்தவர்கள் யார் இறக்க முடியுமோ அவருக்குப் போட்டார்கள். வைகோவின் பேச்சில் உருகியவர்கள்கூட ஓட்டைச் சிதறவிடத் தயாராக இல்லை. வெளியேற்றுகிறவர் ஆட்சியில் இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. எதிர்க்கட்சியாக இருந்து, ஆட்சி மீது கோப அலை அடிக்கும் நேரத்தில் வெளியேற்றினால் கட்சி தாங்கும்.

பிரான்ஸில் இன்னொரு வகை. தீவிர வலதுசாரிக் கட்சித் தலைவர் ஜான்-மரி லு பென் 2002 அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றுக்கு வந்து வெறும் 17.8 சதவீதம் வாங்கினார். அவருக்கு எதிராக இடதும் வலதும் அப்போதைய அதிபர் சிராக் பின்னால் திரண்டன. மகள் மரீன் 2011-ல் கட்சியை ஏற்று, 2015 ஆகஸ்டில் பெற்ற தந்தையையே வெளியேற்றினார். 2018-ல் கட்சிப் பெயரையும் மாற்றினார். இரண்டாம் சுற்றில் 2017-ல் 33.9, 2022-ல் 41.5 என்று ஏறியது. உச்சவரம்பு உயர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் 2024 நாடாளுமன்றத் தேர்தலில், முதல் சுற்றில் முதலிடம் வந்த கட்சியை, இருநூறுக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் விலகிக்கொண்டு மூன்றாமிடத்துக்குத் தள்ளினார்கள். ஆளை வெளியேற்றலாம், அவர் எழுப்பிய பயம் வெளியேற இன்னொரு தலைமுறை பிடிக்கும்.

கோர்பினும் கடைசியில் இந்த வழியில்தான் போனார். 2020-ல் இடைநீக்கம், பிறகு கட்சிச் சீட்டு மறுப்பு. 2024-ல் இஸ்லிங்டன் நார்த்தில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். நாடு முழுவதும் லேபர் அலை அடித்த வருடத்தில் லேபர் இழந்த சில இடங்களில் அதுவும் ஒன்று. இழப்பு ஒரு தொகுதியோடு நின்றது என்பதால் கட்சி அதைத் தாங்கிக்கொண்டது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | கிடைப்பது | மறைந்திருக்கும் விலை | எப்போது சரி |
|---|---|---|---|
| முகமாக வைத்துக்கொள்வது | நிலையான ஓட்டு, பூத் ஆட்கள் | கூட்டாளிகளின் இழப்பு, அடுத்த தலைமுறை வளராதது | எதிரணி சிதறியிருக்கும்போது |
| பின்னால் நிறுத்துவது | கூட்டணி, நடுநிலை ஓட்டு | கொள்கையில் விட்டுக்கொடுப்பு, அவருடைய எதிர்காலம் | அவரே சம்மதித்து, ஏற்கத்தக்க இன்னொருவர் இருக்கும்போது |
| இறக்குவது | புதிய தொடக்கம் | பல வருட உட்பகை | வெறுப்பு ஒரு குறிப்பிட்ட கொள்கையோடு ஒட்டியிருந்து, தேர்தலுக்கு ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்போது |
| வெளியேற்றுவது | உயரும் உச்சவரம்பு | போட்டிக் கட்சி | அவரிடம் சொந்த ஓட்டு இல்லாமல், நீங்கள் ஆட்சியிலும் இல்லாதபோது |

## நண்பருக்குச் சொன்னது

அவர் மாவட்டத்தில் எதிர்த்தரப்பு இப்போதைக்கு மூன்று அணியாக நிற்கிறது. தேர்தலுக்குப் பதினான்கு மாதம் இருக்கிறது. கட்சியில் தலைவருக்கு அடுத்து ஊரறிந்த முகம் இல்லை. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், வைத்துக்கொள்வதன் பக்கம் கை தூக்குங்கள் என்றுதான் சொன்னேன். அந்த மூன்று அணிகளில் இரண்டு பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்துவிட்டால் என் பதில் அன்றே மாறிவிடும். அப்போது இரண்டாவது வழி, அதுவும் தலைவரே மேடையில் அறிவிக்கும்படி. நான்காவது வழியை அவருடைய கட்சி நினைத்தே பார்க்கக் கூடாது, அவர்கள் தலைவரிடம் இருப்பது சொந்த ஓட்டு.

அவர் திருப்தியாகவில்லை. "இதெல்லாம் பெரிய பெரிய தேர்தல் கணக்கு. என் ஒன்றியத்துல அவரால கூடுதா குறையுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார். நல்ல கேள்வி. வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்பது தேர்தல் ஆணையத்தின் படிவம் 20-ல் இருக்கிறது. கடந்த இரண்டு சட்டமன்றத் தேர்தல்களின் படிவத்தை எடுத்து, தலைவர் பிரசாரத்துக்கு வந்துபோன ஊர்களின் பூத்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். அங்கே உங்கள் ஓட்டு எவ்வளவு ஏறியது என்பதை மட்டும் பார்க்காமல், இரண்டாமிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அவர் வந்துபோன பூத்களில் மூன்றாமிடக் கட்சி கரைந்து இரண்டாமிடக் கட்சி வீங்கியிருந்தால், அவர் எதிரியை ஒன்றுசேர்த்திருக்கிறார். இரண்டும் பழையபடி நின்று உங்கள் ஓட்டு மட்டும் ஏறியிருந்தால், அவர் உங்களுக்கு ஆள் சேர்த்திருக்கிறார். பூத் எல்லை இடையில் மாறியிருந்தால் அதைக் கழித்துவிட வேண்டும். ஓர் ஒன்றியத்துக்கு இரண்டு இரவு வேலை. பொதுக்குழுவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அவர் லேப்டாப் வைத்திருக்கும் மருமகனைக் கூப்பிட்டிருக்கிறார்.